வெப்ப நாட்டுக்கு வால்வு எதற்கு?

ஏப்ரல் விடுமுறை. நுவரெலியாவுக்குப் போவதென்று முடிவாகிப் பிள்ளைகள் இரண்டு இரவுகளாகச் சரியாக உறங்கவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வெள்ளவத்தையிலிருந்து கார் புறப்படுகிறது. கண்டி வீதியில் ஒரு குறையுமில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் வாப்பாவின் பார்வை முன்னாலுள்ள வெப்பமானியில் போய் நிற்கிறது. நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக் கொண்டிருக்கிறது. ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தால் ஒரே ஆவி. பின் ஆசனத்தில் சின்ன மகள் அழத் தொடங்குகிறாள். "தண்ணி ஊத்தினாச் சரியாப் போகும்" என்று சொல்லியவாறு வாப்பா கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போகிறார்.

அங்கேயே நிறுத்துங்கள்!

அன்பின் வாசகர்களே, இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடி, போத்தல் மூடி போன்றதல்ல. பெரும்பாலான ஜப்பானியக் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. 0.9 உள்ள மூடி ஒழுங்காக வேலை செய்தால், உள்ளேயிருப்பது வெறும் தண்ணீர் என்றாலும் ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை அது கொதிக்காது. மூடியைத் திருகிய மறு கணம் அந்த அமுக்கம் போய்விடுகிறது. 110 பாகையில் அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் கொதித்து, ஆவியும் நீருமாக முகத்திலும் மார்பிலும் பாயும். கையில் சுற்றிய துணி என்ன செய்யும்?

எனவே எஞ்சினை நிறுத்துங்கள். பிள்ளைகளை வீதியோரத்திலிருந்து தள்ளி நிழலில் அமர்த்துங்கள். ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள். மேல் ஹோஸ் பைப்பைக் கையால் தொட்டு அமுக்கக்கூடிய அளவுக்கு அது ஆறித் தளர்ந்த பின்னரே மூடியில் கை வைக்கலாம். சூடான எஞ்சினின் மேல் குளிர்ந்த நீரை வாளியால் ஊற்றுவதும் கூடாது. சூட்டிலிருக்கும் உலோகம் திடீரெனச் சுருங்கினால் வெடிப்பு விழலாம். அப்போது நுவரெலியாப் பயணத்தின் செலவு எஞ்சின் செலவாக மாறிவிடும்.

இது வீதியில் நடப்பது. அதன் பின் கராஜில் நடப்பதைத்தான் இங்கே விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கராஜ் பாஸ் எஞ்சினின் தலைப்பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சாமானை வெளியே எடுக்கிறார். துருவும் சேறும் படிந்து இறுகிப் போயிருக்கிறது. "ஹாஜியார், இதுதான் வேல பாத்திருக்கு. குளிர் நாட்டுக்குத்தான் இது தேவ. நம்மட நாட்டுச் சூட்டுக்கு இது வேணாம்" என்கிறார். வால்வு இல்லாமலேயே மூடிப் பூட்டுகிறார். அன்றைக்கு முள் ஏறவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

கொழும்பில் எத்தனையோ பழைய கார்கள் இப்படித்தான் வால்வு இல்லாமல் ஓடுகின்றன. உரிமையாளருக்கே தெரியாது, முந்தைய உரிமையாளரின் காலத்தில் கழற்றப்பட்டிருக்கும். உங்கள் கார் எப்படி?

அந்தச் சாமானின் பெயர் தெர்மோஸ்டாட் வால்வு. எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் எப்போது ரேடியேட்டருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வாசற்காவலன் அது. நடுவிலுள்ள சிறிய உருளைக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது வாசல் மூடியிருக்கும்; நீர் எஞ்சினுக்குள்ளேயே சுழன்று விரைவில் சூடேறும். 82 அல்லது 88 பாகையை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ள, வாசல் திறக்கிறது. நீர் ரேடியேட்டருக்குச் சென்று ஆறித் திரும்புகிறது. நீர் அளவுக்கு மேல் குளிர்ந்தால் மெழுகு இறுகும், சுருள்வில் வாசலைச் சாத்தும். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டறிந்த இந்த மெழுகு முறையே இன்றும் கோடிக்கணக்கான வாகனங்களில் இருக்கிறது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் வெப்பவிரிவு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இதைவிடச் சிறந்த செய்முறை கிடைப்பது அரிது.

இப்போது பாஸின் நியாயத்தை எடை போடுவோம். நம் நாடு சூடானதுதான். கொழும்பில் பகல் வெப்பம் 30 பாகை, கூடினால் 33. ஆனால் எஞ்சின் சரியாக வேலை செய்ய வேண்டிய வெப்பமோ 80க்கும் 95க்கும் இடையில். நம்முடைய வெயில் அந்த எஞ்சினுக்கு இன்னும் ஐம்பது பாகை குறைவான குளிர்! வால்வு இல்லாத கார் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய்ச் சேரும் வரையில் முழுச் சூட்டையும் அடையாமலே இருக்கக்கூடும்.

அதனால் என்ன கெடுகிறது? பெட்ரோலை அளந்து பீச்சும் கணினி, நீரின் வெப்பத்தைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்கிறது. நீர் சூடேறாத வரை 'எஞ்சின் இன்னும் குளிர்' என்றெண்ணிக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக் கொண்டேயிருக்கும். 2022ஆம் ஆண்டு கியூ.ஆர். முறை தொடங்கிய வேளையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் என்று அளந்து தந்தார்களே, வரிசையில் நின்ற எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த 20 லீற்றரில் ஒரு பங்கை வால்வு இல்லாத எஞ்சின் வீணே குடித்திருக்கும். எரியாத பெட்ரோலும் ஈரமும் எஞ்சின் ஒயிலில் கலந்து அதைச் சேறாக்கும், உட்பாகங்கள் தேயும். மேல் மாகாணத்தில் 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் ஒரு கார் தோற்றுப் போவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

இன்னொரு விடயம் பலருக்கு வியப்பாக இருக்கும். சில எஞ்சின்களில் வால்வைக் கழற்றுவதால் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அவற்றின் வால்வில் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் வாசல் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை இந்தத் தட்டு அடைக்கும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி வரும். காலி வீதியில் இது தெரியாது. றம்பொடை ஏற்றத்தில் தெரியும்.

அப்படியானால் பாஸ் பொய் சொன்னாரா? இல்லை. வால்வு இறுகி மூடியபடி நின்றுவிட்டது உண்மை, அதைக் கழற்றியதும் சூடு இறங்கியதும் உண்மை. ஆனால் அது ஏன் இறுகியது என்பதை அவர் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் வெறும் குழாய் நீரை ஊற்றியதால் உள்ளே துரு பிடித்தது. அந்தத் துருதான் வால்வை இறுக்கியது. அதே துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துக் கொண்டிருக்கிறது. வால்வைக் கழற்றியதால் நோய் மறைந்து நிற்கிறதே தவிர, தீரவில்லை. கசிவை அடைப்பதற்கு ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள் போடும் சாரதிமாரும் உண்டு. அதன் வண்டலும் இந்தக் குழாய்களில்தான் போய்ச் சேரும். மஞ்சள் கறிக்குரியது.

வால்வு பழுது என்றால் புதியதைப் பூட்டுவதே வைத்தியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கையிலிருக்கும் பழைய காரைப் பேணுவதன் அருமையை எல்லாக் குடும்பங்களும் உணர்ந்து கொண்டன. இந்த வால்வோ ஒரு காரின் சாமான்களில் மிக மலிவானவற்றுள் ஒன்று. பூட்டுவதும் ஓர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வாசலில் முடிகிற காரியம்.

முதலில் யார் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உங்களுடையது ஹைபிரிட் கார் என்றால் இதை வீட்டில் தொடாதீர்கள். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் நீரைத் தள்ளும் பம்பே மின்சாரத்தில் ஓடுவது. காற்றை வெளியேற்றும் முறையும் வேறு. அறிந்தவரிடம் கொடுங்கள். வால்வு எங்கோ அடியில் புதைந்திருக்கும் எஞ்சின்களும் உண்டு. பழைய கொரொல்லா, சனி, லான்சர், மாருதி வைத்திருப்போருக்கே இனி வரும் பகுதி.

வெள்ளவத்தை தொடர்மாடியில் குடியிருப்போர், கீழ்த்தளத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். நிலத்தில் சிந்தும் கூலன்ட் வழுக்கும். அயலவர் விழுந்தால் பிரச்சினை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இருப்போர் நடமாட்டம் தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. எங்கேயானாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சில்லுக்கு ஒரு கல் வையுங்கள்.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது காரின் மொடல், ஆண்டு, எஞ்சின் இலக்கம் மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பழைய வால்வு கையிலிருந்தால் இன்னும் நல்லது. அதன் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அதே எண், அதே விட்டம், அடியில் தட்டு இருந்தால் புதியதிலும் தட்டு. "76 போட்டா இன்னும் குளிரும்" என்று கடைக்காரர் சொன்னால் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். கழற்றிய ரீகண்டிஷன் சாமானாக எதை வாங்கினாலும் வால்வை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் இரப்பர் வளையத்தையோ கேஸ்கட்டையோ, ஒரு புதிய ரேடியேட்டர் மூடியையும் சேர்த்தே வாங்குங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அமுக்கத்தைப் பிடிக்காத மூடியோடு அங்கு போவது, திறந்த பாத்திரத்தோடு போவதற்குச் சமம்.

வாங்கி வந்த வால்வைப் பூட்டுமுன் சமையலறையில் சோதித்துவிடலாம். பழைய பாத்திரம் ஒன்றில் நீரை வைத்து, வால்வின் வாயைச் சற்று அகற்றி அதில் ஒரு நூலைக் கவ்வக் கொடுத்து, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீருக்குள் தொங்கவிடுங்கள். அடுப்பை மூட்டுங்கள். நீர் சூடேறி உரிய வெப்பம் வந்ததும் வாய் திறக்க, வால்வு நூலிலிருந்து நழுவி விழும். விழும்போது வெப்பமானி எத்தனை காட்டுகிறது? 82க்கு இரண்டொரு பாகை முன்பின் என்றால் நல்ல சாமான். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் போட்டுவிடாதீர்கள், அது வெடித்துவிடும்!) நீர் நன்கு கொதிக்கும்போது வாய் 8 மில்லிமீற்றர் அளவுக்காவது திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்து ஆறவிட்டால் தானாக மூட வேண்டும். பழைய வால்வையும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இனி வேலை. இரவு முழுதும் நின்று ஆறிய எஞ்சினாக இருக்க வேண்டும். விசிறி மின்சாரத்தில் ஓடுவதென்றால் பெற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். மூடியைத் திறந்து, கீழே அகன்ற பேசன் ஒன்றை வைத்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகை மெல்லத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக், பழைய காரில் பிஸ்கட் போல உடையக்கூடியது. பயமாக இருந்தால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினில் எங்கே போய்ச் சேர்கிறதோ, பெரும்பாலும் அந்த வளைந்த மூடிக்குள்ளேதான் வால்வு இருக்கும். சில டொயோட்டா எஞ்சின்களில் கீழ் ஹோஸின் பக்கம் இருக்கும். கிளிப்பைக் குறட்டால் அழுத்திப் பின்னே தள்ளுங்கள். ஹோஸை இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகினால் விட்டுக் கொடுக்கும். பின்பு மூடியின் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள். 10 அல்லது 12 இலக்க ஸ்பெனர் போதும். கடலோரத்தில் நிற்கும் கார்களில் இவை உப்புக் காற்றால் இறுகியிருக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வரும். பிறகு கராஜுக்குப் போவதைத் தவிர வழியில்லை. முதல்நாள் மாலையே துரு நீக்கும் ஒயிலைத் தெளித்து ஊறவிடுங்கள். தளராவிட்டால் இன்னொரு நாள் ஊறட்டும்.

மூடி கழன்றதும் பழைய வால்வு எந்தப் பக்கமாக இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். (உள்ளே வால்வே இல்லாவிட்டால் உங்கள் காரின் வரலாறு புரிந்துவிட்டது.) சுருள்வில்லும் மெழுகு உருளையும் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் ரேடியேட்டரில் ஆறிய நீரையே அது உணர்ந்து கொண்டிருக்கும்; திறக்கவே திறக்காது. வட்டத் தகட்டில் ஆடும் சிறிய ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். அடைபட்ட காற்று வெளியேறும் வழி அது. துவாரத்தில் ஒரு துணியைச் செருகிவிட்டு, ஒட்டிக் கிடக்கும் பழைய கேஸ்கட்டைப் பயன்படாத பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். திருப்புளியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து, அந்தக் கீறல் வழியே நீர் கசியும். போல்ட்டுகளை முதலில் கையாலேயே ஏற்றி, பின் இங்கொரு கால் சுற்று அங்கொரு கால் சுற்றாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டும் இடமல்ல இது. அலுமினியப் புரி அறுந்தால் செலவு வால்வைப் போல் பல மடங்கு.

நிரப்புவதற்குக் குழாய் நீர் வேண்டாம். கலந்தே விற்கும் கூலன்ட் அல்லது காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட். உறைபனி இல்லாத நாட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். துருப் பிடிக்காமல் காக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. கொதிநிலையையும் சற்று உயர்த்தும். பழைய நீர் செம்மண் நிறமாக வந்திருந்தால், நிரப்புமுன் சுத்தமான நீரால் இரண்டு மூன்று முறை கழுவி விடுங்கள்.

காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். காரின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக ஊற்றுங்கள். கழற்றிய பெற்றரி முனையைப் பூட்டி, மூடியைப் போடாமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்து அருகிலேயே நில்லுங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். குமிழ்கள் வரும், நீர்மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில், அதுவரை குளிர்ந்திருந்த ஹோஸ் சூடேறும். அப்போதுதான் வால்வு திறந்திருக்கிறது. குமிழ்கள் நின்றதும் எஞ்சினை நிறுத்தி மூடியைப் பூட்டுங்கள். பக்கத்துப் போத்தலில் 'லோ'வுக்கும் 'ஃபுல்'லுக்கும் இடையில் நிரப்புங்கள்.

பேசனில் தேங்கிய பழைய கூலன்டை என்ன செய்வது? இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். கூலன்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பச்சையோ இளஞ்சிவப்போ, பார்ப்பதற்குச் சர்பத் போலத்தான் இருக்கும். சிறு குழந்தை ஒரு மிடறு குடித்தாலும் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒழுங்கைப் பூனைகளுக்குச் சில தேக்கரண்டி போதும், உயிர் போய்விடும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். கூலன்ட் வந்த கலனிலேயே ஊற்றி மூடி, வாகன சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். வடிகானில் கொட்டினால் அது கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். சிந்திய இடத்தை நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். பாத்திர விடயம் இப்போது புரிந்திருக்கும்.

அன்று மாலையே காரை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். கொழும்புக்குள் ஒரு சுற்று, ஆமர் வீதி நெரிசலிலும் நின்று பாருங்கள். முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். நீர்மட்டம் சற்று இறங்கியிருந்தால் ஒளிந்திருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கோ கசிகிறது. புதிய கேஸ்கட்டின் ஓரத்தைக் கடதாசித் துண்டால் துடைத்துப் பார்த்தால் தெரியும். நீர் குறையாமலும் கசிவில்லாமலும் முள் மறுபடி சிவப்பை நாடினால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கிறது அல்லது விசிறி ஓடவில்லை. அதை மறைக்க மட்டும் புதிய வால்வைக் கழற்ற விடாதீர்கள்.

பழைய வால்வை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டு, பூட்டிய திகதியையும் மீற்றர் எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை பஞ்சிகாவத்தையில் காட்டுவதற்கு உதவும்.